ஆள் இறங்காத கொழுப்புத் தொட்டி

1. மணம் நின்றுபோன நேரம்

“இப்ப மணமே இல்லை மிஸ். எல்லாம் வெளிய போயிட்டுது” என்று தொட்டிக்குள்ளிருந்து மரியதாசண்ணை சொன்னார். அதற்குப் பிறகு அவர் கொழுப்பை இடிக்கும் அலவாங்குச் சத்தம் கேட்கவில்லை.

அரியாலையின் கிழக்குப் பக்கத்தில், கடலேரிக்குக் கிட்ட இருந்த ஒரு தனியார் இறைச்சிக்கூடத்தில் நான் கழிவுநீர்ப் பொறுப்பாளராக இருந்தேன். ஆடும் கோழியும் வெட்டும் இடம். அங்கிருந்து வரும் தண்ணீரில் இரத்தம் இருக்கும், குடல் கழுவியது இருக்கும், எல்லாவற்றையும் விடக் கொழுப்பு இருக்கும். யாழ்ப்பாணத்தில் அதை நிலத்தில் விட முடியாது. கீழே முழுவதும் சுண்ணாம்புக் கல். இங்கே ஊற்றுவது அடுத்த வளவுக் கிணற்றில் போய் நிற்கும். அதனால் முதலில் ஒரு நிலக்கீழ்த் தொட்டியில் சேர்ப்போம். அங்கிருந்து பம்ப் பண்ணி, காற்றுப் புகாத பெரிய ராங்குக்குள் விடுவோம். காற்றில்லாமல் வாழும் பற்றீரியாக்கள் அதற்குள் இருந்து கழிவைத் தின்று காஸ் ஆக்கும். கோழியை இறகு உரிக்க முன்பு முக்கி எடுக்கும் தண்ணீரை அந்தக் காஸில்தான் சுடவைத்தோம். புத்தகத்தில் அதற்கு டைஜஸ்ரர் என்று பெயர். எங்களுக்குக் காஸ் ராங்க்.

காஸ் ராங்க் ஒழுங்காகத்தான் ஓடியது. தொல்லை முழுவதும் முதல் தொட்டியில். கொழுப்பு மிதந்து, ஆறி, இறுகி, மேலே ஒரு மூடி போலப் படிந்துவிடும். அதில் உடைந்த துண்டுகள் பம்பை அடைக்கும். அடைத்தால் மரியதாசண்ணை அலவாங்கும் சவளுமாக இறங்கி, உடைத்து, வாளி வாளியாக மேலே அனுப்புவார். நான் சேருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் நடந்து வந்தது.

அவர் குருநகர்க்காரர். சங்கு குளித்தவர், கடலட்டை பிடித்தவர். காதுச் சவ்வு கிழிந்த பிறகு டொக்ரர் கடலை மறித்துவிட்டார். அதனால் எங்களிடம் வந்தார். தொட்டிக்குள் இறங்குவது அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. “கடலுக்க அடக்கின மூச்சை இதுக்க அடக்கேலாதோ?” என்று சிரிப்பார். ஆனால் பழக்கதோஷத்தில் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் இறங்குவார். சுழியோடிகள் அப்படித்தான் இறங்குவார்களாம்.

அன்றைக்கு அந்தக் கயிறுதான் அவரைக் காப்பாற்றியது. சத்தம் நின்றதும் நான் எட்டிப் பார்த்தேன். கொழுப்புக் கட்டியின் மேல் முகம் சரிந்து கிடந்தார். நான் போட்ட கூச்சலில் இறகு உரிக்கும் பகுதியிலிருந்து ரவி ஓடி வந்தான். வந்த வேகத்தில் ஏணியில் காலை வைத்துவிட்டான். நான் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தேன்.

“விடுங்கோ மிஸ், ஆள் சாகப் போகுது!”

“நீ இறங்கினா ரெண்டு பேரும் சாவியள். கயிறைப் பிடி!”

நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தோம். உடம்பெல்லாம் கொழுப்பு, பிடிக்கப் பிடிக்க வழுக்கியது. மேலே கிடத்தியபோது குறட்டை மாதிரி ஒரு மூச்சு வந்தது. கோழி ஏற்றும் லொறியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழுகும் கழிவிலிருந்து வரும் ஐதரசன் சல்பைட் கொஞ்சமாக இருந்தால் கூழ்முட்டை மணம் வரும். கூடினால் மூக்கு செத்துவிடும், மணமே தெரியாது. மணம் நின்றால் காஸ் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். போனது உங்கள் மூக்கு.

2. பிலோமினா அக்கா கேட்டது

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மரியதாசண்ணை ஒட்சிசன் முகமூடியோடு நித்திரையாக இருந்தார். அவருடைய மனைவி பிலோமினா அக்கா ஈரத் துணியால் அவருடைய காது மடலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எத்தினை தரம் துடைச்சும் கொழுப்புப் போகேல்லை மிஸ்” என்றார். பிறகு துணியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எத்தினையோ வருசம் இவரைக் கடலுக்க விட்டிட்டுக் கரையிலை நிண்டனான். கடல் திருப்பித் தந்தது. இப்ப கோழிக் கொழுப்புக்கையோ விழுந்து சாகப் பாத்தவர்?”

துணியைத் திரும்ப எடுத்துக் காதைத் துடைத்தபடியே கேட்டார்.

“திரும்ப இறக்குவியளோ?”

“இல்லை அக்கா. இனி ஒருத்தரும் இறங்கமாட்டினம்.”

யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது. வாயில் வந்துவிட்டது. பிறகுதான் அந்தச் சொல்லைக் காப்பாற்ற வழி தேடவேண்டி வந்தது.

முதலாளியின் கந்தோர் அறையில் அன்று பின்னேரமே கதை தொடங்கியது. அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆஸ்பத்திரிக்கு எனக்கு முன்பே போய்விட்டு வந்திருந்தார். ஆனால் நத்தார் நெருங்கிக்கொண்டிருந்தது, கிறிஸ்மஸ் இறைச்சிக்கு ஓடர் குவியும் நேரம்.

“பிள்ளை, நான் ஆளைக் கொல்லவோ நிக்கிறன்? தொட்டி அடைச்சா வெட்டு நிக்கும். வெட்டு நிண்டா உள்ள சனமெல்லாம் வீட்டை போய் இருக்கவேண்டியதுதான். இறக்கவேண்டாம் எண்டுறீர். சரி, வேறை வழியைச் சொல்லும்.”

“ஒரு கிழமை அவகாசம் தாங்கோ.”

“தாறன். அதுக்குப் பிறகு பொறுக்க என்னாலை ஏலாது.”

கழிவு உறிஞ்சும் பவுசரைக் கூப்பிட்டேன். அதன் குழாய் தண்ணீரை இழுத்தது, கட்டியில் போய் அடைத்துக்கொண்டது. நீளத் தடியால் மேலிருந்து இடித்துப் பார்த்தோம். தொட்டி வாய்க்கு நேர் கீழே இருந்தது மட்டும் உடைந்தது, மூலைகளுக்குத் தடி எட்டவில்லை. கொதிதண்ணீர் ஊற்றினோம். உருகிய கொழுப்பு குழாய்க்குள் போய் ஆறி, அங்கே இறுகியது. முன்பு ஒரு இடத்தில் இருந்த அடைப்பு இரண்டு இடத்தில் ஆனது. தீயணைப்புக்காரர் போடுவது போன்ற மூச்சுக் கருவி கிடைக்குமா என்றும் விசாரித்தேன். கிட்டடியில் கிடைக்கிற பொருளாக இருக்கவில்லை. கிடைத்தாலும் பயிற்சி இல்லாதவரின் முதுகில் அதைக் கட்டி இறக்க எனக்கு மனம் வந்திராது.

3. வாளிகளில் பார்த்த பரிசோதனை

உயர்தரத்தில் உயிரியல் படித்த எல்லோருக்கும் இலிப்பேசு என்ற பெயர் தெரியும். நாம் தின்னும் கொழுப்பை நம்முடைய குடலில் உடைக்கும் நொதியம். பரீட்சைக்குப் படித்து, எழுதி, மறந்துபோன பெயர். அந்தக் கிழமைதான் எனக்கு அது திரும்ப ஞாபகம் வந்தது. கொழும்பில் ஒரு ஏஜென்ட் சாப்பாட்டுக் கடைகளின் வடிகாலுக்கு அந்த நொதியத்தைப் பவுடராக விற்பதாக அறிந்து, சிறிய பைக்கற் ஒன்று எடுப்பித்தேன்.

இரண்டு வாளி எடுத்து, இரண்டிலும் தொட்டிக் கட்டியை ஒரே அளவு போட்டேன். கோழி முக்கி முடிந்து வெளியே விடும் தண்ணீரை இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு ஊற்றினேன். ஒன்றில் மட்டும் பவுடரைக் கலந்து, இரண்டையும் சாக்கால் மூடிவைத்தேன். மூன்றாவதாக ஒரு வாளியில் தண்ணீரை ஆறவிடாமல் சுடச்சுட ஊற்றிப் பவுடர் போட்டேன், என்ன நடக்கும் என்று பார்க்க.

காலையில் பவுடர் போடாத வாளியில் கொழுப்பு ரொட்டி மாதிரி இறுகி மிதந்தது, விரலால் தூக்கி எடுக்கலாம். சுடுதண்ணீர் ஊற்றியதும் அதேபோல. சூட்டில் நொதியம் முட்டை வெள்ளைக்கரு போல அவிந்துவிட்டது. இளஞ்சூட்டு வாளியில் மட்டும் கட்டி இல்லை. தண்ணீர் பால் மாதிரிக் கலங்கி நின்றது, அதில் வெள்ளை மணிகள் மிதந்தன.

மரியதாசண்ணை அப்போது வேலைக்குத் திரும்பியிருந்தார். குனிந்து பார்த்தார்.

“வெள்ளையாக் கிடக்குது. உதுவும் கொழுப்புத்தானே மிஸ்?”

நான் ஒரு மணியை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவுக்காரம் போட்டால் நுரை வராமல் வெள்ளையாக ஒரு கசடு நிற்குமே, அது. கொழுப்பு உடைந்து கொழுப்பமிலமாகி, அதில் கொஞ்சத்தைத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு பிடித்துக்கொண்டது. அவரிடமும் நீட்டினேன். தேய்த்துப் பார்த்துவிட்டு, “ஓம், வழுக்கேல்லை” என்றார். பெரிய சந்தோசம் எதுவும் அவருடைய முகத்தில் தெரியவில்லை. அது ஏன் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

4. காஸ் ராங்க் புளித்தது

வாளியில் சரிவந்ததைத் தொட்டியில் செய்தோம். கோழி முக்கி எடுத்த தண்ணீரை ஆறவிட்டுத் தொட்டிக்குள் திருப்பினோம், தொட்டி வாயால் பவுடரைக் கரைத்து ஊற்றினோம், பழைய பம்ப் ஒன்றைக் கொண்டு சுற்றவிட்டோம். கரையோரம் முதலில் இளகியது. பிறகு மூடி முழுவதும் தளர்ந்து அமிழ்ந்தது. முதலாளி வந்து ரோர்ச் அடித்துப் பார்த்தார்.

“எங்கை பிள்ளை அந்தக் கட்டி?”

“கரைஞ்சிட்டுது.”

“உண்மையாத்தானோ!” என்று மறுபடியும் குனிந்து பார்த்தார். “அப்ப நத்தார் வெட்டுக்கு முந்தி எல்லாத்தையும் காஸ் ராங்குக்க அடிச்சுத் தொட்டியை வெறுமையாக்கிப் போடுவம்.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. பைக்கற்றில் இருந்த குறிப்பிலும் கரைந்ததும் ஓடவிடச் சொல்லித்தான் இருந்தது. ஆனால் அது சாப்பாட்டுக் கடை வடிகாலுக்கு எழுதிய குறிப்பு. அந்த வடிகாலின் அந்தப் பக்கத்தில் உயிருள்ளது எதுவும் இல்லை. எங்களுடைய குழாயின் அந்தப் பக்கத்தில் ஒரு ராங்க் நிறையப் பற்றீரியாக்கள் இருந்தன.

முதலில் கோழித் தண்ணீர் சுடவைக்கும் அடுப்பின் நெருப்பு வழமையை விட உயரமாக நின்றது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். பிறகு நெருப்பு மஞ்சளாகியது, கட்டையாகியது. காஸ் குழாயில் நுரை ஏறியது. ராங்க் பக்கம் போனால் புளித்த கள்ளின் மணம். லிட்மஸ் போன்ற நிறத்தாளை நனைத்துப் பார்த்தேன், அமிலம். அதற்கு அடுத்த நாள் அடுப்பு பற்றவேயில்லை.

நடந்தது இதுதான். கொழுப்பை உடைப்பது ஒரு வேலை, உடைந்ததைத் தின்று காஸ் ஆக்குவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையைச் செய்யும் பற்றீரியாக்கள் மெதுவாகத்தான் தின்னும். முன்பு கொழுப்பு கட்டியாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடைந்ததால் அவை சமாளித்தன. நாங்கள் பல நாள் உடையவேண்டியதை ஒரேயடியாக உடைத்து உள்ளே தள்ளிவிட்டோம். கொழுப்பமிலம் போய் அவற்றின் மேல் பூச்சுப் போல ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டுக்கு நடுவிலேயே அவை பட்டினி கிடந்தன.

5. திறப்பு

முதலாளி கந்தோருக்குக் கூப்பிட்டார். மரியதாசண்ணையும் வந்து வாசலில் நின்றார்.

“நல்லா ஓடின ராங்கையும் பழுதாக்கிப் போட்டீர் பிள்ளை” என்றார் முதலாளி. சத்தமாகச் சொல்லவில்லை, அது இன்னும் சுட்டது. “இப்ப தண்ணியை எங்கை விடுறது? கடலேரிப் பக்கம் கொஞ்ச நாளைக்குத் திறந்து விடுவம். மாரிதானே, வெள்ளத்தோடை அடிச்சுக்கொண்டு போயிடும்.”

நான் வாய் திறப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

“அங்கை மீனுக்குச் சிறகு வலை கட்டியிருக்கிறது என்ரை மருமோன், முதலாளி.”

பிறகு மரியதாசண்ணையே தொடர்ந்தார். “உந்தப் பவுடரை விடுங்கோ. நான் பழைய மாதிரி இறங்கி அள்ளிறன். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, அடிக்கடி மேல வந்து வந்து போனாச் சரி.”

முதலாளி மறுக்கவில்லை. சம்மதிக்கவும் இல்லை. என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து வெளியே போனேன். தொட்டியின் இரும்பு மூடியைச் சங்கிலியால் சுற்றி ஆமைப்பூட்டுப் போட்டுப் பூட்டி, திறப்பை உருவிக் கையில் எடுத்தேன். திரும்பினால் மரியதாசண்ணை பின்னால் நிற்கிறார்.

“திறப்பைத் தாங்கோ மிஸ்.”

“தரமாட்டன் தாசண்ணை.”

“முதலாளியே பேசாமல் இருக்கிறார். நீங்கள் ஏன் மறிக்கிறியள்?” பூட்டைப் பிடித்து ஆட்டினார். “கடல் வேண்டாமெண்டு டொக்ரர் சொன்னார். இது வேண்டாமெண்டு நீங்கள் சொல்லுறியள். அப்ப நான் என்ன, வாசல் கூட்டவோ?”

பவுடர் கட்டியைக் கரைத்தபோது அவர் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லோரும் பயப்படும் இடத்துக்குள் இறங்குகிறவர் என்ற பெயர் ஒன்றுதான் கடல் போனபிறகு அவருக்கு மிஞ்சியிருந்தது. நான் அதையும் கரைத்துக்கொண்டிருந்தேன். ஆறுதல் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன்.

“கடலுக்க மூச்சு முட்டினா எப்பிடித் தெரியும்?”

“நெஞ்சு சொல்லும். மேல போ, மேல போ எண்டு அடிக்கும்.”

“அண்டைக்கு விழ முந்தி நெஞ்சு என்ன சொன்னது?”

அவர் யோசித்தார். பார்வை பூட்டில் இருந்தது.

“ஒண்டும் சொல்லேல்லை” என்றார். பிறகு மெதுவாக, “மணம் நிண்டது சுகமா இருந்தது மிஸ்” என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அந்த நாளைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. தொட்டியின் விளிம்பில் குந்தினார். நானும் பக்கத்தில் இருந்தேன். “அப்ப என்ன செய்யப்போறம்?” என்று கேட்டார். செய்யப்போறம் என்று என்னையும் சேர்த்துக் கேட்டது எனக்குப் போதுமாக இருந்தது.

முதலாளி இவ்வளவையும் கந்தோர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பின்னேரம் எல்லோரையும் கூப்பிட்டு, ராங்க் சரிவரும்வரை வெட்டு இல்லை என்று சொன்னார். ஓடர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். நத்தார் நேரத்தில் அது லேசான முடிவு அல்ல. சில நாட்கள் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு அதில் கோபம் இல்லை.

6. பத்துது!

நெல்லியடிக்கு அப்பால் ஒரு மாட்டுப் பண்ணையில் சாணிக் காஸ் குழி ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நானும் மரியதாசண்ணையும் கோழி லொறியில் பீப்பாக்களை ஏற்றிக்கொண்டு அங்கே போனோம். பண்ணைக்கார அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“பால் வாங்க வருவினம், கண்டுக்குட்டி வாங்க வருவினம். சாணித் தண்ணிக்கு லொறி பிடிச்சு வந்தது நீங்கள்தான்.”

அந்தக் குழியில் இருந்தவை நல்ல உசார் பற்றீரியாக்கள். கொண்டுவந்து எங்கள் ராங்கில் ஊற்றினோம். புளிப்பு இறங்கச் சுண்ணாம்புத் தண்ணீரும் அளவாக விட்டோம். சுண்ணாம்பு கொழுப்பமிலத்தையும் கொஞ்சம் பிடித்துவைக்கும். புதிய தீனி ஒரு சொட்டும் போடவில்லை. சுற்றவிட்டுக் காத்திருந்தோம்.

காத்திருப்பதுதான் கஷ்டம். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல், சரியாகத்தான் செய்தோமா என்று தெரியாமல், ஒவ்வொரு காலையும் நிறத்தாளை நனைத்துப் பார்ப்பது. மரியதாசண்ணை ஒவ்வொரு காலையும் இறகு உரிக்கும் கொட்டிலுக்குப் போய் அடுப்பில் நெருப்புக்குச்சி தட்டிப் பார்ப்பார். பற்றாது. குச்சியை வீசிவிட்டுத் திரும்பி வருவார்.

ஒரு காலை நான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தபோது கொட்டிலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“மிஸ்! பத்துது!”

ஓடினேன். சின்ன நெருப்பு, விரல் உயரம்கூட இல்லை. ஆனால் நீல நிறம். அவர் தீக்குச்சியைக் கையில் வைத்தபடியே நின்றார்.

அதன்பிறகு முறையை மாற்றினோம். தொட்டி முழுவதற்கும் பவுடர் போடுவதை விட்டோம். பக்கத்தில் ஒரு சிறிய தொட்டி கட்டி, அதில் மட்டும் கொழுப்புத் தண்ணீரை இளஞ்சூட்டில் நொதியத்தோடு ஊறவிட்டோம். பவுடரையும் குறைத்தோம். கொழுப்பு முழுவதும் உடையவேண்டியதில்லை, கட்டிபடாமல் இளகினால் போதும். மிச்சத்தைக் காஸ் ராங்க் தானே பார்த்துக்கொள்ளும். ஊறியதை ஒரேயடியாக விடாமல் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். அந்த வால்வு மரியதாசண்ணையின் பொறுப்பு. நிறத்தாள் பார்ப்பதும், நெருப்பின் நிறம் பார்ப்பதும், எப்போது விடுவது எப்போது நிறுத்துவது என்பதும் அவருடைய முடிவு.

நத்தாருக்கு முந்தின கிழமை வெட்டு மறுபடியும் தொடங்கியது. நெருக்கடி கூடிய ஒரு நாள் முதலாளி தானே வந்து வால்வடியில் நின்றாராம். மரியதாசண்ணைதான் சொன்னார்.

“‘இன்னும் கொஞ்சம் திறந்து விடு தாசன்’ எண்டார் மிஸ். நான் சொன்னன், ‘உள்ளுக்க போனதை முதல் தின்னட்டும் முதலாளி’ எண்டு.”

“அவர் என்ன சொன்னவர்?”

“‘உனக்கும் அந்தப் பிள்ளையின்ரை வியாதி தொத்தீட்டுது’ எண்டு போட்டுப் போயிட்டார்.”

7. மூடி

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வந்தவர்கள் சிலவேளை போன் எடுத்து, எவ்வளவு பவுடர், எத்தனை பாகை சூடு என்று கேட்பார்கள். சொல்வேன். ஆனால் அந்த அளவுகள் எங்கள் தொட்டிக்கு, எங்கள் தண்ணீருக்கு. உங்களுடையதை நீங்கள் வாளியில் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் கற்றது, கடைசியில் தின்கிறது எவ்வளவு வேகமாகத் தின்னும் என்று பார்த்துவிட்டு முதல் வேலையின் வேகத்தை வைக்க வேண்டும் என்பது. ராங்குக்கு மட்டுமல்ல, ஆட்களை வைத்து வேலை வாங்கும் இடத்திலும் அது எனக்கு உதவியது.

இன்னொன்றும் கற்றேன். ஒருவரிடம் ஆபத்தான வேலையைப் பறிக்கும்போது, அதோடு சேர்த்து எதைப் பறிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது.

புதிய முறை சரியாக ஓடத் தொடங்கி, ஆள் இறங்கத் தேவையே வராது என்று உறுதியான பிறகு, பழைய தொட்டியின் வாயை அடைக்கலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். குழாய் போகவும் தடி விட்டுப் பார்க்கவும் ஓட்டைகள் விட்டு, மிச்சத்துக்குக் கொங்கிறீற் போடுவது என்று முடிவானது. சீமெந்தைக் குழைத்தது மரியதாசண்ணை. ஓட்டைக்குள் தன்னுடைய தோளை வைத்துப் பார்த்து, “போகாது” என்று சொல்லிவிட்டு மட்டம் தட்டினார்.

முதலாளிக்கு மட்டும் ஒரு சந்தேகம். “பிள்ளை, ஒரு நாளைக்கு அவசரமா ஆள் இறங்கவேண்டி வந்தா என்ன செய்யிறது?”

எனக்கு முன்பு மரியதாசண்ணை பதில் சொன்னார்.

“உடைச்சுப்போட்டுத்தான் இறங்கோணும் முதலாளி. உடைச்சு முடியிறதுக்குள்ள யோசிப்பினம்.”